விரலில் சுற்றிய துணியும் விருந்தாளிப் பாசியும்

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. விரலுக்கு விரல் துணிக் கிழிசல், அதன் மேல் ரப்பர்த் துண்டு. கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் கோலம் இது. மூச்சடக்கி முங்கி, பாறையில் பிடித்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறிக்கிறார்கள். எத்தனை சுற்றுத் துணி கட்டினாலும் பாறை விரலைக் கிழிக்காமல் விடாது. நோன்பு மாதத்தில் பாலூற்றிக் காய்ச்சுகிறோமே கடல்பாசி, அது இந்த வகைப் பாசிகளிலிருந்து வருவதுதான்.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. அம்மாவும் பாட்டியும் இறங்கிய அதே தண்ணீரில் மகள் இறங்கினால் அத்துமீறல் என்றாயிற்று.

அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை அழிந்தது உண்மை. அழித்தது யார்? சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு காலம் படகு படகாக வெட்டி அள்ளினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வெட்டப் போனவர்களும் அன்றாடங்காய்ச்சிகளே. காசு பார்த்தவர்கள் கால் நனைக்காதவர்கள்.

பாசிப் பெண்களோ தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடல். இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசி எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வேறு வருமானம் இல்லாத வீட்டில் இது எவ்வளவு பெரிய காரியம்! கால் பட்டாலே பவளம் உடையும், ஆள் நடமாட்டமே ஆகாது என்பாரும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

கவலையெல்லாம் ‘மாற்று வாழ்வாதாரம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதுதான். ஏழைகளைத் தீவுப் பக்கம் போகவிடாமல் கரையிலேயே பிழைக்க வைக்கலாம் என்று நம்பி, பிலிப்பைன்ஸ் பக்கத்து கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்தார்கள். பலருக்கு வருமானம் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் விருந்தாளி மிதவையோடு நிற்கவில்லை. குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின் மேல் அது போர்வையாய்ப் படர்ந்து மூச்சு முட்டவைத்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எதைக் காப்பாற்ற அந்தப் பெண்களை விரட்டினார்களோ, அதன் மேலேயே மாற்றுத் தொழில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதையும் கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். துண்டு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மறுபடி தழைத்துவிடும் சாதி அது.