பனிக்கடலில் பாசி தேடிய பெண்

கிள்ளான் சந்தையில் மீன் வாங்குகிறோம். அந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. சிறு மீனைப் பெருமீன் தின்கிறது. சரி, சிறு மீனுக்கு உணவு? கூனிப்பொடி போன்ற பிராணிகள். அவற்றுக்கு? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி! பால்மரம் தன் இலையால் வெயிலை வாங்கி உணவு சமைப்பது போலவே இப்பாசியும் சமைக்கிறது. கடலில் பெரும்பாலான உயிர்களின் சாப்பாடு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பாசியை ஆராயத் தென்துருவக் கடலுக்கே போனவர் டாக்டர் அதிதி பந்த். 1943இல் நாகபுரியில் பிறந்தவர். மாணவியாக இருந்தபோது, அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய அறிஞரின் கடல் நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதுவே அவர் வழியைத் தீர்மானித்தது. உபகாரச் சம்பளம் பெற்று ஹவாயில் படித்தார். லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோவாவிலுள்ள தேசியக் கடலியல் கழகத்தில் சேர்ந்தார்.

1983 டிசம்பரில் இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிகா குழு புறப்பட்டது. முதல் இரு குழுக்களிலும் பெண்கள் இல்லை. இம்முறை இருவர்: அதிதி பந்தும், பாறை ஆராய்ச்சியாளர் சுதீப்தா சென்குப்தாவும். அமெரிக்காவே 1969இல்தான் பெண் விஞ்ஞானிகளை அங்கே அனுப்பியது. கழிப்பறை வசதி இல்லை என்பது அதுவரை சொல்லி வந்த சாக்குகளில் ஒன்று. நம் தோட்டங்களில் பெண்கள் விடியுமுன்னே பிரட்டுக்குப் போய் நின்றபோது, அந்த வசதியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

துருவக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. அந்த ஓயாத வெளிச்சத்தில் பாசி எவ்வளவு விளைகிறது? கடலின் வெவ்வேறு ஆழங்களிலிருந்து நீரை எடுத்து, வடிகட்டி, பாசியிலுள்ள பச்சையத்தை அளந்து இதைக் கணக்கிடுகிறார்கள். பனிக்கட்டியின் அடிப்புறத்திலும் பாசி ஒட்டி வளர்கிறது. அதை மேய்வது கிரில் என்னும் விரல் நீளப் பிராணி. பார்வைக்கு இறால் மாதிரி இருக்கும். பெங்குவினும் நீலத் திமிங்கலமும் கிரில்லை நம்பியே வாழ்கின்றன. மனிதனும் கப்பல் கப்பலாய்ப் பிடிக்கிறான். பாசியின் விளைச்சல் தெரியாமல், கிரில்லை எவ்வளவு பிடிக்கலாம் என்று எப்படிச் சொல்வது? வேரறியாமல் மகசூல் பேச முடியாதல்லவா?

மலேசியாவும் 2011இல் அண்டார்டிகா உடன்படிக்கையில் சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லாத மலாயாப் பல்கலைக்கழகத்தில் துருவ ஆராய்ச்சி நடந்து வருகிறது. அங்கே அதில் ஈடுபட்டவர்களுள் பேராசிரியை சித்தி ஆயிஷா அலியாஸ் ஒருவர். அவர் ஆராய்வது பூஞ்சைகளை. பழைய ரொட்டியில் பூக்கிறதே பூஞ்சணம், அதன் உறவினங்கள்தாம். உறைபனியிலும் அவை உயிரோடிருக்கின்றன.