தாழ்ந்த காரும் தாபோடிச் சாலையும்

பிம்பிரி சிஞ்ச்வாட் தொழிற்பகுதியை அண்டி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மோட்டார் வண்டியைப் பற்றிய பேச்சு எழாத இல்லம் அரிது. தந்தை ஆலையில் ஸ்பானர் பிடித்தவராயிருப்பார். மகன் எஞ்சினீயரிங் படிப்பான். அத்தகைய வீட்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தால், அதன் உடலைத் தரையோடு தரையாகத் தாழ்த்திப் பார்க்க வேண்டுமென்ற ஆசை இளைஞருக்கு உண்டாவது இயல்பே. “பட்டறைக்குப் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து விடலாம்” என்கிறார்கள். இது தகுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

காரைத் தாழ்த்துவதில் பயனே இல்லை என்று கூறுவதற்கில்லை. வளைவில் விரைந்து திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் சுமை வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகச் சுமை மாறும். 1,200 கிலோ எடையும், இடவலச் சக்கரங்களுக்கிடையே 150 செ.மீ. அகலமும், 50 செ.மீ. உயரத்தில் எடை மையமும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதியளவு விசையுடன் அது வளைவில் திரும்பினால் 200 கிலோ சுமை மாறுகிறது. 3 செ.மீ. தாழ்த்தினால் அது 188 கிலோ ஆகும். ஆதாயம் 12 கிலோ. பந்தயத்தில் இது பெரிது; கடைத்தெருவுக்குப் போய் வருவதற்கு இது பொருட்டன்று.

இனி வீட்டில் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்போம். எளிய வழியென்று பலர் கைக்கொள்வது, ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அறுத்தெடுப்பது. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. பழைய விறைப்புக்கென அமைந்த ஷாக் அப்சார்பரால் இதை அடக்க இயலாது, வண்டி குதிக்கும். மேலும், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் வேளையில் குட்டையான ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நழுவவும் கூடும். வேறு சிலர் ஸ்பிரிங்கைத் தீயிலிட்டுப் பழுக்கக் காய்ச்சித் தணிய வைக்கின்றனர். இது அறுப்பதினும் கொடிது. ஸ்பிரிங் எஃகுக்கு வலிமை தருவது ஆலையில் அதற்கு ஊட்டிய பதம். அப்பதம் கெட்டால் எஃகு நாளடைவில் தொய்யும். ஒரு நாள் முறியும்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இன்றைய கார்கள் பலவற்றின் முன்சக்கர அமைப்பில், உடலைத் தாழ்த்தும்போது, வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கி விடுகிறது. ஆகவே தாழ்த்திய கார் வளைவில் முன்னிலும் மிகுதியாகச் சாயவும் கூடும். நிலைபெற வேண்டுமென்று செய்த வேலை நிலைகுலைவிலே போய் முடிகிறது! சக்கரங்களின் கோணமும் மாறுவதால் டயரின் உட்புற ஓரம் விரைவில் தேய்கிறது. புது டயரின் விலை என்னவென்பதை இல்லத்தரசிகளே அறிவார்கள்.

சாலையையும் கேட்டாக வேண்டும். போபோடியிலிருந்து ஹாரிஸ் பாலத்தின் வழியே முளா ஆற்றைக் கடந்து தாபோடிக்குள் வந்து, உள் வீதிகளில் திரும்பினால் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. இந்தியச் சாலைகள் மாநாட்டின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும், 3.7 மீட்டர் அகலமும், 17 மீட்டர் ஆரமும் உடையதாயிருத்தல் வேண்டும். முன்பின் சக்கரங்களுக்கிடையே 2.4 மீட்டர் உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது, சக்கரங்களும் மேட்டின்மேலேயே நிற்பதால், வயிற்றுப்புறத்தை நோக்கி எழுவது 4 செ.மீ. அளவே. தாழ்த்திய காரும் இதைக் கடந்துவிடும். ஆனால் தெருவார் இரவோடிரவாகக் கட்டிய ஒடுங்கிய திட்டு அப்படியன்று. சக்கரங்கள் சமதரையில் நிற்க, அதன் 10 செ.மீ. உயரமும் முழுமையாக வயிற்றுக்கு எதிரே நிற்கும். 12 செ.மீ. இடைவெளியுள்ள காரை 3 செ.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 9. குடும்பத்தார் நால்வர் ஏறினால் அதுவும் குறையும். அடிபடுவது எண்ணெய்த் தொட்டியாயின் எஞ்சினுக்கே ஆபத்து.

தாபோடியில் மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை இருப்பது யாவரும் அறிந்ததே. 1948 ஜூன் 1-ஆம் நாள் புனேயிலிருந்து அகமதுநகருக்குப் புறப்பட்ட பேருந்தோடு தொடங்கியது அக்கழகத்தின் சேவை. ஆலையிலிருந்து வரும் அடிச்சட்டத்தின்மேல் மேற்கூடு கட்டும் கைகள் வாழும் ஊர் இது. எடையும் ஸ்பிரிங்கும் சக்கரமும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டு இணைந்தவை என்பதை இவ்வூராருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளரைச் சேரும். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்குமாயின், இழப்பு இதைவிடப் பன்மடங்காகும்.

அவ்வாறாயின் இளைஞரின் ஆர்வத்தை அடக்கிவிடுவதா? வேண்டாம். அதற்குரிய இடம் பந்தயக் களம். சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமானத் தளத்தில், வண்டிகளைத் தம் கையாலே மாற்றியமைத்துப் பந்தயம் ஓடியோர் பலர். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களமே அமைத்தது. கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு சிக்கனமான பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கார் தரையை ஒட்டி ஓடியது. ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பும் அவ்வுயரத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டிருந்தது.

ஆகவே இல்லத்தாருக்கு நாம் கூறுவது இது. மகன் கேட்டால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் விசாரிக்கச் சொல்லுங்கள். களத்துக்கென வண்டி வைத்திருப்பவராயின், அறுத்த ஸ்பிரிங்கை விலக்கி, அக்காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்கிசைந்த ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது. சமதரையில் உறுதியான ஸ்டாண்டுகள் தாங்கி நிற்க வேண்டும். அழுத்திக் கட்டிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரையே வாங்கிவிடும். அவ்வேலையைக் கருவியும் பழக்கமும் உள்ள பட்டறைக்கே விடுக. முடிந்தபின் வீல் அலைன்மென்ட்டும் முன்விளக்கின் நோக்கமும் சரிபார்க்கப்படட்டும்.

அழகுக்காக மூன்று விரற்கிடை தாழ்த்த விரும்பும் பிள்ளையிடம், அந்த மூன்று விரற்கிடை எதற்காக அங்கே விடப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அக்கணக்கைப் போட்டு முடித்தவன் ரம்பத்தைத் தொடமாட்டான். நல்ல மோட்டார் நிபுணனாகவும் ஆவான்.