வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி தெருவை நடந்து பாருங்க

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் வாடகைக்கு வீடு தேடிட்டு இருக்கிறவங்களுக்கு. முக்கியமா வெளியூர்ல இருந்து சென்னைக்கு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நாலு வீடு பாத்து அஞ்சாவதுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்னு பிளான் போடுறவங்களுக்கு. நானும் அப்படித்தான் பண்ணேன். அந்தத் தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி

எனக்குக் கிண்டியில வேலை கிடைச்ச புதுசு. வேளச்சேரியில ஒரு வீடு. விஜயநகர் பஸ் ஸ்டாண்டுல இருந்து மேப்ல 900 மீட்டர், 12 நிமிஷ நடை. ஞாயிறு காலை பத்து மணிக்கு புரோக்கர் அண்ணன் பைக்ல கூட்டிட்டுப் போனாரு. வீடு நல்லா இருந்துச்சு. ஹால்ல வெயில் விழுந்துச்சு, பைப்பைத் திறந்தா தண்ணி வந்துச்சு, பால்கனி பக்கத்துல ஒரு மாமரம். வாடகை 14,000, அட்வான்ஸ் அஞ்சு மாசம், 70,000 ரூபா. அப்பாகிட்ட கொஞ்சம் வாங்கி, அன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

குடி போனதுக்கு அப்புறம்தான், முதல் திங்கட்கிழமை ராத்திரி எட்டரைக்கு அந்த 900 மீட்டரை நடந்தேன். முதல் 300 மீட்டர் பிரச்சினை இல்ல, கடைகள் இருக்கு. அப்புறம் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்துல, ஞாயிறு காலையில நான் பாத்த மூடின ஷட்டர் ஒரு மதுக்கடை. நம்ம ஊர்ல மதுக்கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், ராத்திரி 10 வரைக்கும் இருக்கும். காலையில வீடு பாக்கப் போற யாருக்கும் அது வெறும் ஷட்டர்தான். அதைத் தாண்டினா 250 மீட்டருக்கு ஒரு பக்கம் காலி மனை, இன்னொரு பக்கம் உயரமான காம்பவுண்ட் சுவர். நாலு கம்பத்துல ஒண்ணுலதான் விளக்கு எரிஞ்சுது.

அங்க எனக்கு யாரும் எதுவும் பண்ணல. அதைச் சொல்லியாகணும், ஏன்னா இந்தக் கதையைச் சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "என்னாச்சு?"னுதான். எதுவும் ஆகல. ஆனா ரெண்டு வாரத்துக்கு அப்புறம் நான் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ பிடிக்க ஆரம்பிச்சேன். 60 ரூபா. மாசத்துக்கு 22 நாள்னா 1,320 ரூபா. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதாவது கிண்டியில இருந்து வேளச்சேரி வரைக்கும் எனக்கு இலவசம், கடைசி 900 மீட்டருக்கு மட்டும் 60 ரூபா!

காசு கூடப் பரவாயில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பறை வகுப்புக்குப் போயிட்டு இருந்தேன், அது எட்டு மணிக்கு முடியும். மூணாவது மாசத்துல அதை விட்டுட்டேன். பிரெண்ட்ஸ் கூப்பிட்டா "இல்லடி, டயர்டா இருக்கு"ன்னேன். எனக்கே ரொம்ப நாள் தெரியல, நான் டயர்டா இல்ல, அந்த 250 மீட்டரைத்தான் தவிர்க்கிறேன்னு. மாறிடலாம்னா 70,000 ரூபா அங்க மாட்டிக்கிட்டு இருக்கு. பதினோரு மாசம் அந்த வீட்டுலயே இருந்தேன்.

அடுத்த வீடு தேடும்போது வேற மாதிரி தேடினேன். அதைத்தான் இப்ப ஒண்ணொண்ணா சொல்லப் போறேன்.

மூணு தடவை போங்க, நடந்து போங்க

ஒரு வீடு பிடிச்சுப் போச்சுன்னா, டோக்கன் குடுக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தெருவுக்கு மூணு தடவை போங்க. வேலை நாள் காலையில நீங்க ஆபீஸ் கிளம்புற நேரத்துக்கு ஒண்ணு. நீங்க வழக்கமா வீடு திரும்புற நேரத்துக்கு ஒண்ணு; ஷிப்ட் வேலைன்னா அது ராத்திரி பதினொண்ணா இருந்தாலும் சரி, யாரையாவது கூட்டிட்டுப் போங்க. முடிஞ்சா மழை பெஞ்ச மறுநாள் ஒண்ணு.

பைக்ல போகாதீங்க. பஸ் ஸ்டாப்போ ஸ்டேஷனோ, அங்க இறங்கி வீட்டு வாசல் வரைக்கும் நடங்க. ஆபீஸ் பையை மாட்டிக்கிட்டு நடங்க. ஹெட்போன் வேண்டாம்.

நடக்க முடியுதா?

பாதுகாப்புன்னு சொன்னதும் நமக்குத் திருடன், செயின் பறிப்பு, ஈவ் டீசிங் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனா நடந்து போறவங்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து வண்டிதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர்.

அதனால நடக்கும்போது ஒரு எண்ணிக்கை வெச்சுக்கோங்க: பிளாட்பாரத்துல இருந்து எத்தனை தடவை ரோட்டுல இறங்க வேண்டியிருக்கு? ட்ரான்ஸ்பார்மர், நிறுத்தின பைக், கொட்டி வெச்ச ஜல்லி, உடைஞ்ச மூடி, கார் ஏத்த வீட்டுக்காரங்க போட்ட சரிவு, எதுக்காக இறங்கினாலும் ஒண்ணு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி நடைபாதையில தடையில்லாத அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர் இருக்கணும், சுமார் ஆறடி. குடை பிடிச்ச ரெண்டு பேர் எதிரெதிரா இடிக்காம போகணும்னு வெச்சுக்கோங்க. வெறும் தெருவுக்குள்ள நடைபாதையே இருக்காது, அது தப்பில்ல. அங்க வண்டி எந்த வேகத்துல வருதுன்னு பாருங்க. பெரிய ரோட்டை ஷார்ட்கட்டா தாண்டுறதுக்கு எல்லாரும் உள்ள நுழையுற தெருவா இருந்தா, காலை எட்டரைக்குத் தெரிஞ்சுடும்.

பெரிய ரோட்டைக் கடக்கிற இடம் ரொம்ப முக்கியம். சிக்னல் இருக்கா? நடுவுல நிக்க இடம் இருக்கா? அங்க ஒரு வயசான அம்மா எப்படிக் கடக்கிறாங்கன்னு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. அவங்களால முடியலன்னா, கையில காய்கறிப் பையோட உங்களாலயும் ஒரு நாள் முடியாமப் போகும்.

வெளிச்சமும் கண்களும்

ராத்திரி போகும்போது கம்பங்களை எண்ணாதீங்க, எரியுற விளக்கை எண்ணுங்க. மரக்கிளைக்குள்ள மறைஞ்சு எரியுற விளக்கு கணக்குல வராது. நான் வெச்சிருக்கிற சோதனை இதுதான்: எதிர்ல பத்தடி தூரத்துல வர்றவரோட முகம் தெரியுதா? தெரிஞ்சா போதும்.

அடுத்தது ஆட்கள். ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர், நியூயார்க்ல இருந்தவங்க, நகரங்களைப் பத்தி 1961-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல அவங்க சொன்ன ஒரு விஷயம் இன்னிக்கும் பேசப்படுது: ஒரு தெருவைப் பத்திரமா வெச்சிருக்கிறது போலீஸ் மட்டும் இல்ல, அந்தத் தெருவைப் பாத்துட்டே இருக்கிற கண்கள்தான். கடைக்காரங்க, ஜன்னல்ல நிக்கிறவங்க, போறவங்க வர்றவங்க.

நம்ம ஊருக்கு இதை மொழிபெயர்த்தா இஸ்திரி வண்டி அண்ணா. பெட்டிக்கடை. சாயங்காலம் இட்லி போடுற அக்கா. ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கிற மெடிக்கல் ஷாப். வாசப்படியில உக்காந்து பேசுற பாட்டிங்க. என்னோட பழைய தெருவுல இருந்தது எல்லாம் காம்பவுண்ட் சுவரும் கேட்டும்தான். சுவருக்குள்ள கேமரா கூட இருந்துச்சு. ஆனா கூப்பிட்டா எட்டிப் பாக்க ஒரு ஜன்னல் இல்ல.

டெல்லியில 2013-ல ஆரம்பிச்ச சேஃப்டிபின்ங்கிற செயலி, ஒரு இடத்தை அளக்க ஒன்பது விஷயங்களைப் பாக்குது: வெளிச்சம், திறந்த வெளி, நம்மைப் பாக்கிற ஜன்னல்களும் கடைகளும், ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, அங்க எத்தனை பெண்கள் இருக்காங்க, கடைசியா நமக்கு அங்க எப்படி இருக்கு. அந்தக் கடைசி விஷயத்தையும் அளவுகோலா வெச்சிருக்காங்க பாருங்க. நான் மூணு மாசம் "சும்மா பயப்படுறேன்"னு ஒதுக்கி வெச்சது அதைத்தான்.

யார்கிட்ட கேக்குறது, என்ன கேக்குறது

புரோக்கர்கிட்ட "ஏரியா சேஃபா?"ன்னு கேட்டா "சூப்பர் ஏரியாம்மா, எல்லாம் டீசன்ட் பேமிலி"ன்னுதான் சொல்லுவாரு. அது அவர் வேலை. இஸ்திரிக்காரர்கிட்ட, மெடிக்கல்ல, பஸ் ஸ்டாப்ல நிக்கிற பெண்கள்கிட்ட கேளுங்க. ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வி வேண்டாம். "நைட் எத்தனை மணி வரைக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும்?", "நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போவீங்கக்கா?" இப்படி. ரெண்டாவது கேள்விக்கு ஒரு அக்கா "இப்படிப் போனா கிட்டம், ஆனா நான் அப்படிச் சுத்தித்தான் போவேன்"ன்னாங்க. எந்த ஆப்பும் எனக்கு அதைச் சொல்லல.

சென்னைன்னா தண்ணியைப் பத்திக் கேக்காம விடக்கூடாது. 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணி எப்படி நின்னுச்சுன்னு நமக்குத் தெரியும். ஆனா ஒரே ஏரியாவுல ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். அதனால தெருவுக்குத் தெரு கேக்கணும். நான் இஸ்திரி அண்ணாகிட்ட கேட்டேன், "அண்ணா, மிக்ஜாம்ல இங்க தண்ணி வந்துச்சா?" அவரு வண்டியோட சக்கரத்துல கையை வெச்சுக் காட்டி, "இதுவரைக்கும்மா. ரெண்டு நாள்ல வடிஞ்சுருச்சு. அந்தக் கடைசித் தெருவுக்கு மட்டும் போகாத, அங்க இடுப்பளவு"ன்னாரு. கடைசித் தெருவுல அடுத்த நாள் ஒரு வீடு பாக்குறதா இருந்தேன்.

ஆள் இல்லன்னா சுவரைப் பாருங்க. பெயின்ட்ல ஒரே மட்டத்துல கறை ஓடுதா? மீட்டர் பாக்ஸைப் புதுசா மேல தூக்கி மாட்டியிருக்காங்களா? வாசல்ல புதுசா ரெண்டு படி கட்டியிருக்காங்களா? தண்ணி வந்த வீடுதான் அப்படி மாறும்.

"அந்தப் பக்கம் சரியில்ல"

இதைச் சொல்லாம போனா நான் பாதிதான் சொன்னதா ஆகிடும். வீடு தேடும்போது "அந்தப் பக்கம் ஆளுங்க சரியில்ல"ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. என்ன நடந்துச்சுன்னு திருப்பிக் கேளுங்க. நடந்த சம்பவத்தைச் சொன்னா கவனிங்க. எதுவும் சொல்லாம "உங்களுக்கே தெரியும்ல"ன்னு இழுத்தாங்கன்னா, அது பாதுகாப்பைப் பத்தின பேச்சு இல்ல. சாதியையும் வசதியையும் பத்தின பேச்சு.

நான் இப்ப இருக்கிறது ஆதம்பாக்கம். என் தெருவுக்குப் போற வழியில ஒரு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு இருக்கு. "அது வழியா நைட்ல வராதம்மா"ன்னு எனக்கு எச்சரிக்கை சொன்னாங்க. ரெண்டு ராத்திரி நடந்து பாத்தேன். ஒன்பதரைக்குப் பசங்க கேரம் ஆடுறாங்க, ஒரு அக்கா மீன் வறுக்குறாங்க, கொழாயடியில நாலு பேர் பேசிட்டு இருக்காங்க. நான் தினமும் அந்த வழியாத்தான் வர்றேன். ஒரு நாள் மழையில லேட்டானப்ப அந்த அக்கா, "ஏம்மா, இன்னிக்கு இவ்ளோ நேரம்?"னு கேட்டாங்க. பழைய வீட்டுல பதினோரு மாசத்துல நான் எப்ப வர்றேன்னு யாருக்கும் தெரியாது.

பணத்தைக் குடுக்கிறதுக்கு முன்னாடி

தமிழ்நாட்டுல நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பத்தின 2017-ஆம் வருஷச் சட்டம் 2019-ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுப்படி அட்வான்ஸ் பொதுவா மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். நடைமுறையில இன்னும் அஞ்சு, பத்து மாசம்னு கேக்குறாங்கதான். ஆனா சட்டம் தெரிஞ்சு பேரம் பேசுறது வேற. எத்தனை மாசம் முன்னாடி சொல்லிட்டுக் காலி பண்ணலாம்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க. தெரு ஒத்துவரலன்னா வெளிய வர்ற கதவு அதுதான்.

குடி போனதுக்கு அப்புறம் விளக்கு எரியலன்னா மாநகராட்சியோட 1913-க்குச் சொல்லுங்க, கம்பத்துல நம்பர் இருந்தா அதோட. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. போன்ல இப்பவே சேவ் பண்ணிக்கோங்க.

எல்லாருக்கும் தேர்வு பண்ற வசதி இல்ல, எனக்கும் தெரியும். சம்பளம் எவ்வளவோ அதுக்குள்ளதான் வீடு. என் புது வீட்டுல மாமரம் இல்ல, ஹால்ல வெயில் விழாது, வாடகை 15,500. பரங்கிமலை ஸ்டேஷன்ல இருந்து 14 நிமிஷம், பழைய வீட்டை விட ரெண்டு நிமிஷம் கூட. ஆனா ஆட்டோ பிடிக்கிறதில்ல. வாடகையையும் ஆட்டோவையும் கூட்டிப் பாத்தா வித்தியாசம் 180 ரூபாதான்.

வெள்ளிக்கிழமை பறை வகுப்புக்குத் திரும்பப் போறேன். முடிய எட்டு மணி ஆகும், வீடு வந்து சேர ஒன்பது ஆகும். நடந்துதான் வர்றேன்.

உங்க தெருவுல நீங்க எந்த வழியைத் தவிர்க்கிறீங்க, ஏன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.