நிலத்தடியில் உழைத்த முன்னோர்

மன்னர் மரபினை அறிய விரும்புவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் துணை செய்யும். கோட்டையும் கொத்தளமும் அவர்தம் புகழை எடுத்துரைக்கும். ஆயின், நாள்தோறும் பாடுபட்டு உண்டு, பாரோர் அறியாது மறைந்த எளிய மக்களின் வரலாற்றைக் காத்து வைத்திருப்பவை எவை? வேல்ஸ் நாட்டுச் சுரங்கச் சிற்றூர்கள் இவ்வினாவிற்குத் தக்கதொரு விடை அளிக்கின்றன.

வேல்ஸ், இங்கிலாந்திற்கு மேற்கே அமைந்த மலைநாடு. தனக்கெனத் தொன்மையான மொழி ஒன்றினை உடையது. அதன் தென்பகுதியில் மலைத்தொடர்களுக்கு இடையே சிற்றாறுகள் பல ஓடுகின்றன. அவற்றுள் ரோந்தா ஆறு பாயும் பள்ளத்தாக்கு, 1851ஆம் ஆண்டில் ஆயிரம் பேர்கூட வாழாத ஆட்டு மேய்ச்சல் நிலமாக இருந்தது. ஆயின், அம்மலைகளின் அடியில் புகை குறைந்து வெப்பம் மிகுந்து எரியும் உயர்ந்த நிலக்கரி புதைந்து கிடந்தது. நீராவிக் கப்பல்களும் புகைவண்டிகளும் பெருகிய காலம் அது. அக்கரியை உலகம் விரும்பி வாங்கிற்று. மலையைக் குடைந்து சுரங்கங்கள் பல தோண்டப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்குள், அதாவது 1911இல், ரோந்தாவின் மக்கள் தொகை ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. 1913ஆம் ஆண்டில் தென் வேல்ஸ் சுரங்கங்கள் 5 கோடியே 60 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை ஈந்தன. அவற்றில் உழைத்தோர் 2 இலட்சத்து 30 ஆயிரம் பேருக்கும் மிகுதியாவர்.

இவ்வளவு மக்களும் எங்கிருந்து வந்தனர்? வேல்ஸ் நாட்டின் உழவர் குடிகளிலிருந்து வந்தோர் பலர். இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைப்பை நாடி வந்தோர் பலர். சமநிலம் அரிதாகலின், மலைச்சரிவுகளில் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் நீண்ட வரிசைகளாக எழுந்தன. ஒரு வீட்டின் துயரம் மறு வீட்டின் சுவரைக் கடந்து கேட்கும். அதனால் தெருவே ஒரு குடும்பம் போல வாழ்ந்தது.

சுரங்கத் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் தொழிலாயிற்று. முற்காலத்தில் சிறுவர் சிறுமியரும் சுரங்கத்தினுள் வேலை செய்தனர். காற்றோட்டத்தை நெறிப்படுத்தும் கதவின் அருகே, தன்னந்தனியே இருளில் அமர்ந்து, கரிவண்டி வருந்தோறும் அக்கதவைத் திறந்து மூடுவது இளஞ்சிறார்க்கு உரிய வேலையாக இருந்தது. 1842ஆம் ஆண்டுச் சட்டமே, பெண்டிரும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் உழைப்பதைத் தடுத்தது. பின்னரும் பள்ளிப் படிப்பை விடுத்த மகன், தந்தையின் அருகிலேயே நின்று தொழில் கற்றான். குளிர்காலத்தில் கதிரவன் எழுமுன் இறங்கி, அவன் மறைந்தபின் ஏறுவோர், ஞாயிற்றுக்கிழமையன்றி வெயிலைக் காண்பது அரிதாக இருந்தது. உடல் முழுதும் கரி படிந்து அவர்கள் வீடு திரும்புவர். அவர்கள் குளிப்பதற்காக நீர் சுமந்து, அடுப்பில் காய்ச்சி, கரி படிந்த உடைகளை வெளுத்து ஓய்வின்றி உழைத்தவர் இல்லப் பெண்டிர். அவ்வுழைப்பு எந்தக் கூலிக் கணக்கிலும் ஏறவில்லை. மக்களின் நினைவில் மட்டுமே நிலைத்தது.

அக்குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் போற்றிக் காக்கப்படும் பொருள் ஒன்று உண்டு. அஃது எண் பொறித்த சிறு பித்தளை வில்லை. சுரங்கத்தில் இறங்குவோன் விளக்கறையில் தன் வில்லையைக் கொடுத்து விளக்கைப் பெறுவான். ஏறி வந்ததும் விளக்கைத் தந்து வில்லையைத் திரும்பப் பெறுவான். உள்ளே இருப்போர் யாவர் என்பதை அங்கே எஞ்சிய வில்லைகள் அறிவிக்கும். பிறர்க்கு அது பழம்பித்தளை. அவ்வீட்டார்க்கோ அது பாட்டன் உயிரோடு மீண்டதற்குச் சான்று.

எல்லா நாளும் எல்லாரும் மீளவில்லை. 1913ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் காலையில், செங்கெனித் என்னும் ஊரின் சுரங்கத்தில் தீவளி வெடித்து, நிலக்கரித் தூளும் பற்றி எரிந்தது. தொழிலாளர் 439 பேர் மாண்டனர். அவரைக் காக்கச் சென்ற ஒருவரும் உயிர் நீத்தார். மாண்டோருள் பதினான்கு வயதுச் சிறுவரும் இருந்தனர். பிரிட்டனில் இதனினும் கொடிய சுரங்க விபத்து நிகழ்ந்ததில்லை. அதே சுரங்கத்தில் 1901ஆம் ஆண்டிலும் வெடிப்பு நேர்ந்து 81 பேர் இறந்திருந்தனர். அவ்வூரில் தம் முன்னோரைத் தேடுவோர், ஒரு தலைமுறையின் ஆடவர் பெயர்கள் பல ஒரே நாளில் முடிவுறுவதைக் கண்டு நெஞ்சம் கலங்குவர்.

முன்னோரைத் தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடையூறு பெயரேயாகும். பண்டைய வேல்ஸ் மக்கள் தந்தையின் பெயரையே தம் பெயரோடு இணைத்து வழங்கினர். ‘அப்’ என்பது ‘மகன்’ எனப் பொருள்படும். ரீஸ் என்பாரின் மகன் ‘அப் ரீஸ்’; ரிச்சர்ட் என்பாரின் மகன் ‘அப் ரிச்சர்ட்’. இவை நாளடைவில் ‘பிரைஸ்’ எனவும் ‘பிரிச்சர்ட்’ எனவும் மருவின. தலைமுறைதோறும் மாறிவந்த பெயர்கள் பின்னர்க் குடிப்பெயர்களாக நிலைத்தன. ஜான் என்பாரின் வழியினர் ஜோன்ஸ் எனவும், டேவிட் என்பாரின் வழியினர் டேவிஸ் எனவும் அழைக்கப்பட்டனர். அங்ஙனம் நிலைத்த பெயர்கள் சிலவே ஆதலால், ஒரே தெருவில் ஜோன்ஸ் பலர் வாழ்ந்தனர். அவரை வேறுபடுத்தி அறிய, பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ் எனத் தொழிலால் பெயரிட்டு வழங்கினர். அரசாங்க ஏட்டில் இவ்வழக்குப் பெயர் இராது. அஃது ஊராரின் நாவில் மட்டுமே வாழும்.

ஏடுகளும் இல்லாமல் இல்லை. பிறப்பும் இறப்பும் திருமணமும் 1837ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டு வருகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிக்கணக்கு, 1841 முதல் வீட்டிலுள்ளோர் பெயரையும் வயதையும் தொழிலையும் கூறுகின்றது. நூறாண்டு கழிந்த பின்னரே அதனைப் பொதுமக்கள் காணலாம். அம்முறைப்படி 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் வெளிவந்தது. ஆயின், 1931ஆம் ஆண்டுக் கணக்கு 1942இல் நேர்ந்த தீயில் எரிந்து போயிற்று. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கப்படவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கைக் காண 2052ஆம் ஆண்டு வரை காத்திருத்தல் வேண்டும். இடைப்பட்ட காலத்திற்கு 1939இல் எடுத்த போர்க்காலப் பதிவேடு ஒன்றே ஓரளவு துணையாக உள்ளது.

ஏடு ஊமையாகிய அக்காலமே, சுரங்கச் சிற்றூர்கள் பெருந்துயர் உற்ற காலமாகும். நிலக்கரியின் விலை வீழ்ந்தது; சுரங்கங்கள் மூடப்பட்டன; வேலையின்மை வீடுதோறும் புகுந்தது. இரு பெரும் போர்களுக்கு இடையே, ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வேல்ஸை விட்டு அகன்றனர். இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலே அவருட் பலர் குடியேறினர். அண்ணன் எந்த நகரம் சென்றான், தங்கை எவ்வீட்டில் பணிப்பெண்ணாக அமர்ந்தாள், தாய் எவ்வாறு அடுப்பெரித்தாள் என்பவற்றை அறிய, வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தியே முதன்மையான சான்று. குடும்ப விவிலியத்தின் முதற்பக்கத்தில் எழுதிய பிறந்தநாட் குறிப்புகளும், திருக்கோயிற் கல்லறை எழுத்துகளும், பழைய கடிதங்களும் அதற்குத் துணை நிற்கும்.

அச்செய்திகள் துயரத்தை மட்டும் கூறுவன அல்ல. தொழிலாளர் தம் கூலியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி நூல் நிலையங்களும் மன்றங்களும் நிறுவினர். டிரடீகர் என்னும் ஊரில் அவர்கள் ஒன்றுகூடிப் பொருள் ஈட்டி, மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றினை நடத்தினர். அவ்வூரில் 1897இல் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் தாமும் சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். அவரே பின்னாளில் அமைச்சராகி, 1948இல் பிரிட்டன் மக்கள் யாவர்க்கும் பொருள் பெறாது மருத்துவம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். எளியோர் ஊரில் தோன்றிய நல்வழக்கம் ஒரு நாட்டிற்கே நெறியாயிற்று.

இன்று அச்சுரங்கங்கள் இயங்கவில்லை. தென் வேல்ஸின் இறுதி ஆழ்சுரங்கமாகிய ‘டவர்’ 2008ஆம் ஆண்டு மூடப்பட்டது. பிளைனாவன் என்னும் ஊரின் ‘பிக் பிட்’ சுரங்கம் 1983 முதல் காட்சியகமாக விளங்குகின்றது. முன்பு கரி வெட்டிய தொழிலாளரே அங்கு வழிகாட்டிகளாக நின்று, வருவோரை நிலத்தடிக்கு அழைத்துச் சென்றனர். அறிஞர் சிலர் 1970களின் தொடக்கத்தில் முதிய தொழிலாளரை நாடிச் சென்று, அவர்தம் பேச்சைப் பதிவு செய்தனர். அப்பதிவுகள் சுவான்சி நகரில் 1973இல் நிறுவப்பட்ட சுரங்கத் தொழிலாளர் நூல் நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அன்று பேசிய முதியோர் இன்று இல்லை. அவர் குரல் மட்டும் உள்ளது. அவ்வறிஞர் சில ஆண்டுகள் காலந்தாழ்த்தியிருப்பின், அதுவும் இராது.

மற்றுமோர் இழப்பும் அங்கு நேர்ந்துள்ளது. 1911ஆம் ஆண்டில் வேல்ஸ் மக்களில் நூற்றுக்கு நாற்பத்து மூவருக்கு மேற்பட்டோர் அந்நாட்டு மொழியைப் பேசினர். 2021ஆம் ஆண்டிலோ நூற்றுக்குப் பதினெண்மர் அளவினரே பேசினர். தொலைவிலிருந்து வரும் பெயரன், பாட்டனின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடிக்கின்றான். பெயரையும் ஆண்டையும் அறிந்துகொள்கின்றான். ஆயின், கீழே பொறித்த சொற்களைப் படித்துப் பொருள் உணர அவனால் இயலவில்லை. மொழி மறப்பின் முன்னோரும் பாதி மறைந்தவராவர் என்பதை அக்கல் சொல்லாமற் சொல்கின்றது.

செங்கெனித் விபத்து நிகழ்ந்து நூறாண்டு நிறைந்த நாளில், 2013ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் சுரங்க விபத்துகளில் இறந்தோர்க்கெல்லாம் உரிய நினைவுச்சின்னம் அவ்வூரில் திறக்கப்பட்டது. மாண்டோர் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைக் கல் காக்கும். ஆனால், அப்பெயருக்கு உரியவன் எவ்வாறு வாழ்ந்தான், எதற்காக உழைத்தான் என்பதை, கேட்டு வைத்தவர் நெஞ்சமே காக்கும். ஆதலின், முதியோர் சொல்ல வல்லராய் இருக்கும்போதே அவர் அருகில் அமர்ந்து கேட்டலும், கேட்டவற்றை எழுதி வைத்தலும் இளையோர் கடமையாகும்.