வில் சொல்ல, கால் கேட்கும்

சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் நேரே பார்த்தபடி நடந்துவிடுகிறார்கள். நின்று இருபுறச் சுவர்களையும் அண்ணாந்து பார்த்தால், நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள் அடுக்கடுக்காக இருக்கும். பல பலகைகளில் ஆடும் பெண்ணுக்குப் பக்கத்திலேயே மேளம் கொட்டுகிறவரும் தாளம் தட்டுகிறவரும் சின்னதாக நிற்கிறார்கள். கால் தலைக்கு மேலே போகும் கரணங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பிரேசிலின் கபோயிரா நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் அங்கேயும் அடவும் மேளமும் பிரிவதில்லை.

பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து பிறந்த கலை இது. வட்டமாக நிற்கும் கூட்டத்துக்கு நடுவே இருவர் உதைக்கிறார்கள், குனிந்து தப்புகிறார்கள், கரணம் போடுகிறார்கள். அவர்களோ இதைச் சண்டை என்று சொல்வதில்லை, விளையாடுவது என்கிறார்கள். ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல், ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருப்பதுதான் அடிப்படை. அதற்கு ஜிங்கா என்று பெயர்.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரிம்பாவு என்ற ஒற்றைத் தந்தி வில். நம் வில்லுப்பாட்டு வில்லை நிமிர்த்திப் பிடித்ததுபோல் இருக்கும். சுமார் நாலைந்து அடி நீளம். நாணுக்குப் பதில் எஃகுக் கம்பி. பழைய கார் டயரை அறுத்து உள்ளிருக்கும் கம்பியை உருவிக்கொள்வார்கள். வில்லின் கீழ்ப்பக்கம் வாய் திறந்த ஒரு சுரைக்குடுக்கை. வலது கையில் மெல்லிய குச்சியும் விதைகள் குலுங்கும் சிறு கூடையும். இடது கையில் வில்லும், கூடவே ஒரு கூழாங்கல்லோ காசோ.

கல் படாமல் தட்டினால் ஒரு சுருதி. கல்லை அழுத்தித் தட்டினால் அது கொஞ்சம் ஏறும். கல் பட்டும் படாமலும் இருந்தால் கரகரப்பு. குடுக்கையின் வாயை வயிற்றில் ஒட்டியும் விலக்கியும் பிடிக்க, நாதம் மூடித் திறக்கும். தாளக்கருவி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, பேசுகிற கருவி இது. குதிரைக் குளம்படிபோல் ஒலிக்கும் ஒரு நடை இதில் உண்டு. போலீஸ் வருகிறது என்று எச்சரிக்க அதை வாசித்தார்களாம். காரணம் இல்லாமல் இல்லை: 1890-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் கபோயிராவுக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்தத் தடைக்காலத்தின் முடிவில், 1932-இல், சல்வதோர் நகரில் கபோயிராவுக்கென்று பள்ளி தொடங்கினார் மெஸ்த்ரே பிம்பா. 1937-இல் அரசின் அங்கீகாரமும் கிடைத்தது. பழைய அங்கோலா பாணியைக் காத்தவர் மெஸ்த்ரே பஸ்தீஞா. மெஸ்த்ரே என்றால் ஆசான். உதைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பாட வேண்டும், வில் வாசிக்க வேண்டும், அத்தபாக்கி என்னும் நெட்டை மேளத்தையும் அறிந்திருக்க வேண்டும். கடலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியாரை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அவரும் அடவு, பாட்டு, மத்தளத்தின் போக்கு எல்லாம் தெரிந்தவர்தான்.

ஆட்டம் தொடங்குமுன் இருவரும் வில்லின் காலடியில் குந்தி உட்காருவார்கள். சூடேறிக் கை மீறும் நேரத்தில் ஆசான் குறுக்கே பாய்வதில்லை. வட்டத்தில் வாசிக்கும் மூன்று வில்களில் கனத்த குரலுள்ள குங்காவில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவார். ஆடியவர்கள் மூச்சு வாங்க, மறுபடி வந்து அதன் காலடியில் உட்காருவார்கள்.