மலைநாட்டுக் கித்துளும் மண்ணுரிமையும்

புறத்தே வயிரம் கொண்டவை புல்லினம், அகத்தே வயிரம் கொண்டவை மரவினம் எனத் தொல்காப்பிய மரபியல் பகுக்கும். அதன்படி தெங்கும் பனையும் கமுகும் புல்லினமே. இக்காலத் தாவரவியலாரும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்குவது நோக்கத்தக்கது. ஈழத்தில் யாழ்ப்பாணத்து வறண்ட நிலத்துக்குப் பனை உரியதாயின், ஈரமிக்க மலைச்சரிவுகளுக்கு உரியது கித்துள். தமிழகத்தார் இதனைக் கூந்தற்பனை என்பர்.

மீன்வால் போன்ற சிற்றிலைகளை உடைய இம்மரம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த பின்னரே பாளை ஈனும். முதற்பாளை உச்சியில் தோன்றும். ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கி வரும். இறுதிப் பாளை காய்த்து முதிர்ந்ததும் மரம் பட்டுவிடும். பாளையைச் சீவிப் பெறும் இனிய நீரைக் காய்ச்சினால் பாணி, மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி, புளிக்கவிட்டால் கள். இலையடியிலுள்ள கரிய நார் கயிறாகவும் தூரிகையாகவும் பயன்படும். வீழ்த்திய மரத்தின் உட்சோற்றிலிருந்து கஞ்சிக்கு மா எடுப்பர். 1681ஆம் ஆண்டு வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலும் இதன் சாற்றையும் வெல்லத்தையும் நாரையும் விவரிக்கின்றது.

இத்துணைப் பயன் மிக்க மரம் தோட்டத் தமிழருக்குப் பெரும்பாலும் கடைப்பொருளாகவே நின்றது ஏன்? பனையை அறிந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். குறை அறிவில் இல்லை; நிலத்தில் உளது. பத்தாண்டு கழித்துப் பயன்தரும் மரத்தை, மண் தமதென்ற உறுதி உடையவரே பேணுவர். சிங்களக் கிராமத்தவருக்கு வீட்டுத்தோட்டம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லய அறையோ அவர்க்குரியதன்று.

இவ்வின்மை எத்துணைக் கொடியது என்பதைக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த காட்டிற்று. அங்கு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து குடியேறச் சொந்த நிலம் இல்லாத மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, சரிந்த மலை லயங்களை மூடிற்று.

கித்துள் மண்சரிவைத் தடுக்கும் என்பது நம் கருத்தன்று. பாதுகாப்பான இடத்தில் வீடும், அதனைச் சுற்றி உறுதிப்பத்திரத்துடன் கூடிய நிலமும் கிடைப்பின், இன்று ஒருவர் நடும் கன்றின் பாளையை நாளை அவர் மகன் சீவுவான். மரத்தின் பயனை ஆராய்வோர் அது நிற்கும் மண்ணின் உரிமையையும் ஆராய்தல் வேண்டும்.