விவாகரத்து முடிந்த பிறகு தெரியவரும் சொத்து: மறுபடியும் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

‘தலைக்கு மேல கடன் இருக்கு, வாங்குற சம்பளம் வாய்க்கும் வயித்துக்குமே சரியாப் போகுது’ என்று கணவர் சொன்னதை நம்பி, 5 லட்சம் ரூபாயை மொத்த ஜீவனாம்சமாக வாங்கிக்கொண்டு பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனைவி கையெழுத்துப் போடுகிறார் என வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு தகவல் வருகிறது. வழக்கு நடந்தபோதே அவர் பெயரில் ஒரு ஃப்ளாட் இருந்திருக்கிறது. ஒரு மனையைத் தம்பி பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தீர்ப்பு வந்தாச்சே, இனி என்ன செய்ய முடியும்?

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைந்துவிடலாம். சில வெளிநாடுகளில் இருப்பதுபோல, திருமண காலத்தில் சேர்ந்த சொத்தில் ஆளுக்குப் பாதி என்ற பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே அந்த ஃப்ளாட்டில் பங்கு கேட்க முடியாது. ஆனால், ஜீவனாம்சம் எவ்வளவு என்பதை முடிவுசெய்யும்போது இரு தரப்பின் வருமானத்தையும் சொத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவு. மறைத்த சொத்து முக்கியமாவது இங்கேதான். இந்தப் பிரிவு கணவருக்கும் பொருந்தும். சம்பளத்தை மறைத்த மனைவி மீதும் இதே கேள்விகள் எழும்.

அடுத்து பார்க்க வேண்டியது, அவர் கோர்ட்டில் என்ன சொன்னார் என்பது. 2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பத்திரம், எதிர்மனு, சாட்சியம் ஆகியவற்றின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன பொய்யை நிரூபிப்பது கஷ்டம். சத்தியம் செய்து எழுதிய பொய் கோர்ட் கோப்பிலேயே இருக்கும்.

சொத்து எப்போது வந்தது என்பதும் முக்கியம். தீர்ப்புக்குப் பிறகு வாங்கியது என்றால் அது மறைப்பு ஆகாது, சூழ்நிலை மாற்றம். மாதாமாதம் ஜீவனாம்சம் வாங்குபவர்கள் 25(2) பிரிவின்படி தொகையை உயர்த்திக் கேட்கலாம். ஒரே தவணையில் வாங்கியவர்களுக்கு இந்த வழி அவ்வளவு சுலபமில்லை.

வழக்கின்போதே சொத்து இருந்தது என்றால், அது மோசடி என்று வாதிடலாம். மோசடியால் பெற்ற தீர்ப்பு செல்லாது என்று 1993-ல் செங்கல்வராய நாயுடு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதத் தீர்ப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19(2) பிரிவின்படி சம்மதத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. சமரசத் தீர்ப்பை ரத்து செய்யத் தனி வழக்கும் போட முடியாது. தீர்ப்பு சொன்ன அதே நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை: விவாகரத்தையே ரத்து செய்யக் கேட்கிறீர்களா, ஜீவனாம்ச உடன்பாட்டை மட்டும் எதிர்க்கிறீர்களா? இருவரில் ஒருவர் மறுமணம் செய்திருந்தால் முதலாவது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். மனு எழுதும் முன்பே வக்கீலிடம் இதைப் பேசிவிட வேண்டும்.

கால வரம்பு? மோசடி இருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 17-வது பிரிவு. அதற்காக, தெரிந்த பிறகும் ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

ஆதாரம் தேடுவது நினைக்கிற அளவுக்குக் கடினமில்லை. ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால், தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்து, பத்திர நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பத்திரத் தேதியைப் பிரமாணப் பத்திரத் தேதியோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். வருமான வரிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குவது கடினம். அது தனிப்பட்ட தகவல் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வங்கி, பி.எஃப்., வரி ஆவணங்களுக்குக் கோர்ட் மூலமாகவே சம்மன் கேளுங்கள். பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கிறதே என்று அவருடைய மெயிலைத் திறந்து பார்க்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

தம்பி பெயருக்குப் போன மனை? சொத்து மாற்றுச் சட்டத்தின் 39-வது பிரிவு இங்கே கைகொடுக்கலாம். சொத்து வருவாயிலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருக்கும்போது அந்தச் சொத்தை இலவசமாக வாங்கியவர் மீதும், அந்த உரிமை தெரிந்தே வாங்கியவர் மீதும் அதை அமல்படுத்தலாம். உண்மையான விலை கொடுத்து, எதுவும் தெரியாமல் வாங்கியவரிடம் இது செல்லாது.

பொய்ப் பிரமாணத்துக்குத் தண்டனை உண்டா என்றால், உண்டு. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் அளித்தால் 7 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் நேராகப் புகார் கொடுக்க முடியாது. அந்த நீதிமன்றத்திலேயே மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் 340-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ்-ல் 379. விசாரணை தேவை என்று நீதிபதி நினைத்தால்தான் புகாரே பிறக்கும். ‘அவனை உள்ளே தள்ளணும்’ என்ற கோபம் புரிகிறது. ஆனால் இந்த மனுவால் கைக்கு ஒரு ரூபாயும் வராது. பணம் வேண்டுமென்றால் ஜீவனாம்ச மனுவை முதலில் நகர்த்துங்கள்.

வக்கீல் கட்டணம் கட்ட முடியாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உதவி எண் 15100.